மோதிரம் ஏறாத விரல்

நான் மயக்க மருந்து டாக்டர். போன வாரம் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) கட்டி ஆபரேஷனுக்கு வந்தவர் வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுபவர். வயது 46. முதல் நாள் சாயங்காலம் வார்டில் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னால் உள்நாக்கு ஓரளவு தெரிந்தது. வாய்க்குள் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துப் போடும் மல்லம்பட்டி அளவில் இது கிரேடு 2. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சுலபம் என்றுதான் கேஸ் ஷீட் சொல்லும்.

அப்புறம் அவர் மனைவியிடம் பேசினேன். கல்யாண மோதிரம் விரலில் ஏறிப் பல வருஷம் ஆகிறதாம். செருப்பு 8-லிருந்து 11 ஆகிவிட்டது. "குறட்டை எதிர் வீடு வரைக்கும் கேக்கும் மேடம். நடுவுல மூச்சே நின்னுடும், நான்தான் உலுக்கி எழுப்புவேன்." எனக்கு அந்த மல்லம்பட்டி கிரேடைவிட இந்த வார்த்தை பெரிது.

இவருக்கு இருந்தது அக்ரோமெகாலி, அதாவது பிட்யூட்டரி கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். இதில் அந்த ஹார்மோன் கை, கால், தாடையோடு நிற்பதில்லை. நாக்கும் தொண்டைச் சதையும் பெருக்கும், குரல் நாண்கள் தடிக்கும், அதற்குக் கீழே மூச்சுவழி குறுகும். வாய்க்குள் டார்ச் அடித்தால் இதெல்லாம் தெரியாது. ஆள் ஆஜானுபாகுவாக இருக்கிறாரே என்று பெரிய டியூபை எடுத்தால் அது இறங்காது.

பிஜி படிக்கும்போது இதே நோயுள்ள ஒருவருக்கு கிரேடு 2 என்று நம்பி மயக்க மருந்து கொடுத்தோம். மாஸ்க் தாடையில் பொருந்தவில்லை, காற்று உள்ளே போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 70 சதவீதத்துக்கு இறங்கியது. சீனியர் ஓடி வந்து காப்பாற்றினார். அந்த மானிட்டர் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இவருக்கு விழித்திருக்கும்போதே டியூப். ஏன் என்று முதல் நாளே பொறுமையாகச் சொன்னேன், தலையாட்டினார். மூக்கு வழியாகத்தான் ஆபரேஷன், ஆகவே வாய் வழி போனோம். லிக்னோகைன் ஸ்ப்ரேயில் தொண்டையை மரக்கவைத்து, உள்ளே பார்த்தபடி டியூபை வழிநடத்த உதவும் வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பை மெல்ல இறக்கினேன். 7 நம்பர் டியூப், பக்கத்தில் 6.5, 6 இரண்டும் தயார். மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை வந்து, டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகே தூங்கவைக்கும் புரோபோஃபால் மருந்து.

டியூபை எடுப்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. மூக்கு முழுக்கப் பஞ்சு, மூச்சு வாய் வழியாக மட்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சிபேப் மாஸ்க்கும் வைக்க முடியாது, காற்று மண்டைக்குள் ஏறிவிடும். முழுசாக விழித்து, என் கையை இறுக்கிப் பிடித்த பிறகே எடுத்தேன்.

ராத்திரி ஐசியூவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்தோம். கிளம்பும்போது சிஸ்டரிடம் அவர் மனைவி சொன்னதையே சொன்னேன்: "குறட்டை நடுவுல நின்னா காத்திருக்காதீங்க சிஸ்டர், உலுக்கி எழுப்புங்க."