சலவைக் கணக்கு

துப்பறியும் நாவல்களை விட்டு ரொம்ப நாளாகிறது, இப்போது படிப்பதெல்லாம் நிஜத்தில் நடந்த பழைய குற்ற வழக்குகளைப் பற்றிய புத்தகங்கள்தான். முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இங்கிலாந்தின் ரோட் ஹில் ஹவுஸ் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860 ஜூன் 29 இரவு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த, நாலு வயதுகூட நிரம்பாத சவில் கென்ட் மறுநாள் காலை தோட்டத்துக் கழிப்பறைக் குழியில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். உள்ளூர் போலீஸ் திணறவே, ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனாதன் விச்சர் வருகிறார், வந்தவர் நேராகப் பிடித்தது சலவைக் கணக்கை! சவிலுடைய அப்பாவின் மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு 16 வயது. அவளுடைய மூன்று இரவு உடைகளில் ஒன்றைக் காணோம். திங்கட்கிழமை கூடையில் போட்டேன் என்கிறாள் வேலைக்காரப் பெண் சாரா காக்ஸ், வந்து சேரவே இல்லை என்கிறார் சலவைக்காரம்மா. கூடை கட்டும்போது கான்ஸ்டன்ஸ் வந்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி சாராவைக் கீழே அனுப்பியிருக்கிறாள். கறைபட்ட உடையை முன்பே அழித்துவிட்டு, எண்ணிக்கை குறையாமலிருக்க, கூடையில் போட்ட நல்ல உடையை அந்த இடைவெளியில் திரும்ப எடுத்திருப்பாள், தொலைத்த பழி சலவைக்காரம்மா தலையில் விழட்டும் என்று விட்டிருப்பாள் என்பது விச்சரின் ஊகம்.

எனக்கு இந்த இடம்தான் உயிர். 1860-இல் ஒரு வேலைக்காரப் பெண் திங்கட்கிழமை காலையில் எதை எண்ணினாள், யார் தண்ணீர் கேட்டார்கள் என்பதையெல்லாம் வேறு யார் எழுதி வைத்திருப்பார்கள்? விசாரணை என்று ஒன்று வந்ததால்தான் அவள் சொன்னது காகிதத்தில் ஏறியது. ஒரு குழந்தை செத்ததால் கிடைத்த காகிதம் அது என்ற உறுத்தலும் எனக்கு உண்டு, சவிலை மறந்துவிட்டு மர்மத்தை மட்டும் சப்புக்கொட்டும் புத்தகங்களைப் பாதியிலேயே மூடிவிடுவேன்.

சரி, விச்சருக்கு வருவோம். கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார், ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டார்கள். தோட்டக்காரர் மகனான ஒரு போலீஸ்காரர் பெரிய வீட்டுப் பெண்மேல் கொலைப் பழி போடுவதா என்று அவரைப் பிய்த்தெடுத்தார்கள். உடம்பு கெட்டு 1864-இல் வேலையை விட்டார். அடுத்த வருஷமே, 1865 ஏப்ரலில், கான்ஸ்டன்ஸ் தானாக லண்டன் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 20 வருஷச் சிறைக்கு அப்புறம் ஆஸ்திரேலியா போய், வேறு பெயரில் நர்ஸாக வாழ்ந்து, 1944-இல் 100 வயதில் இறந்தாள். அதையெல்லாம் படித்து முடித்ததும் நான் திரும்பப் புரட்டியது அந்தத் திங்கட்கிழமைப் பக்கங்களைத்தான்.