பத்துப் பாகம் தூரம்

தடைக்காலத்தில் ஊருக்குப் போனால்தான் பெரியப்பாவை வீட்டில் பார்க்க முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தங்கச்சிமடத்து வீட்டு முற்றத்தில், வேப்ப மர நிழலில், கிழிந்த வலையை விரித்துப் பொத்திக்கொண்டிருப்பார். இந்த மே மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பையைப் பிரித்தேன். உள்ளே பன்னிரண்டு அம்புத் தண்டுகள். போர்ட் ஆர்ஃபோர்ட் சீடார் என்ற மரத்தில் செய்தவை, இன்னும் இறகு ஒட்டாத வெறும் குச்சிகள்.

“இம்புட்டு தூரம் இதையா சுமந்துட்டு வந்த?” என்றார். ஆனால் கை அதற்குள் ஒரு தண்டை எடுத்துவிட்டது.

நான் மிச்சிகனுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு குளிர்காலமும் வேலை, வீடு, ஹீட்டர் சத்தம் என்றே போயின. பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜில் உட்கார்ந்து அம்புக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். வலை பொத்தும்போது பெரியப்பாவின் தலை எப்படிக் குனிந்திருக்குமோ அப்படியே இருந்தது அவர் தலையும். கதவருகே போய் நின்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் திண்ணை அதுதான்.

பெரியப்பா முதலில் கேட்டது, “அங்க மானைக் கொல்லலாமா?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி. 1972-இன் வனவிலங்குச் சட்டத்தால் இங்கே வேட்டையே கூடாது. கடல்பசுவைத் தொட்டால் சிறைதான் என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சிகனில் உரிமம் வாங்கினால் வில் வேட்டைக்கென்று அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை ஒரு பருவம் உண்டு. நானும் பாதுகாப்பு வகுப்பு முடித்துத்தான் உரிமம் வாங்கினேன். சக்கரம் வைத்த நவீன வில்லும் குறிபார்க்கும் கருவியும் இல்லாத பழைய முறை எங்களுடையது. அதனால் மான் மிகக் கிட்டே வர வேண்டும், அம்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். கோணலான அம்பு மானைக் கொல்லாமல் காயப்படுத்தி அனுப்பும். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

தண்டின் விறைப்பு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். அளக்கும் முறை எளிது. 26 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். தொய்வு எத்தனை அங்குலமோ அதால் 26-ஐ வகுத்தால் விறைப்பு வந்துவிடும். அரை அங்குலம் தொய்ந்தால் 52. விறைப்பு கூடிய அம்பு, வலது கைக்காரனுக்கு இடப்பக்கம் விலகிப் போகும். குறைந்தது வலப்பக்கம் போகும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா ஒவ்வொரு தண்டையும் இரு கையால் லேசாக வளைத்துப் பார்த்து, கண்ணுக்கு நேரே வெயிலில் பிடித்துச் சுற்றி, இரண்டைத் தனியே வைத்தார்.

“இதுல ரேகை பக்கவாட்டுல ஓடி வெளிய போகுது பாரு. துடுப்புக்கு இப்படிக் கட்டை எடுத்தா நடுக்கடல்ல ஒடியும்.”

உண்மைதான். நான் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட தண்டு நாணிலிருந்து விடுபடும்போது ஒடிந்தால், சிம்பு வில் பிடித்த கையில்தான் ஏறும். வளைந்திருந்த மூன்றை அடுப்புத் தீக்கு மேல் மெதுவாகக் காட்டி, எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்து நேராக்கினோம். வார்னிஷ் மட்டும் பூசவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் அது பால் போல வெளுத்துவிடும்.

மூன்று துண்டாகக் கழற்றும் வில்லையும் பழைய அம்புகள் நான்கையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு மாதம் கை பழகாவிட்டால் தோள் மறந்துவிடும். குறிக்கு அரிசிச் சாக்கில் பழைய துணி அடைத்தோம். பெரியப்பா முதலில் கழிவு வலையைத் திணித்தார். நைலான் நூல் அம்பு முனையைச் சுற்றிக்கொண்டது. பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பெரியம்மாவின் பழைய சேலை, கைலி, சட்டை என்று பித்தானும் கொக்கியும் வெட்டி எடுத்து, காலால் மிதித்து மிதித்து அடைத்தோம். இறுக்கம் போதாவிட்டால் அம்பு ஊடுருவிப் போய்விடும். மழுங்கிய பயிற்சி முனைதான் சாக்குக்கு. வேட்டைக்கான அகல முனை சாக்கைக் கிழித்துவிடும்.

ஆள் நடமாட்டம் இல்லாத மணல் மேட்டின் முன்னால் சாக்கைக் கட்டினோம். நடுவில் பனையோலையை ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக வெட்டிக் குத்தினேன். மானின் நெஞ்சுக்கூட்டில் அம்பு பட வேண்டிய இடமும் ஏறக்குறைய ஒரு சாண்தான். நிற்கும் தூரத்தைப் பெரியப்பா கயிற்றை விரித்துப் பாகக் கணக்கில் அளந்தார். இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். பத்துப் பாகம், அதாவது 20 கெஜம். அதற்கு மேல் நான் விடுவதில்லை என்று சொன்னேன். தலையசைத்தார்.

எங்கள் குடும்பம் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை விட்டு இங்கே வந்தது. தனுசு என்றால் வில், கோடி என்றால் நுனி. சாயங்காலம் அந்த மணலில் நின்று நாண் இழுக்கும்போது, அந்தப் பெயரின் பொருளை எனக்குச் சொல்லிக்கொடுத்த அப்பத்தாவை நினைக்காத நாள் இல்லை.

திரும்பிப் போனதும் பத்துத் தண்டுக்கும் வான்கோழி இறகு ஒட்டினேன். ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடதும் வலதும் கலந்தால் அம்பு ஒழுங்காகச் சுழலாது. அகல முனையை முன்கை மயிரை மழிக்கும்வரை தீட்டினேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் தூறலில் ஒரு பெண் மான் வந்தது. வெகுநேரம் நின்றது. கிட்டே வரவில்லை. அன்று இரவு பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“எத்தனை பாகத்துல நின்னுச்சு?”

“பதிமூணு இருக்கும் பெரியப்பா. விடல.”

“சரி. இறகு நனைஞ்சிருக்குமே, அப்படியே போட்டுடாத.”

கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து அம்புகளை ஆவியில் காட்டினேன். தண்டோடு ஒட்டிப் படுத்திருந்த இறகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.