திரும்பி எப்படி வருவது?

பேருந்து நிறுத்தத்தில் இன்று ஒரு அறிவிப்பு. மதிய நடை ரத்து. காரணம்: பயணிகள் குறைவு.

பக்கத்தில் நின்ற பாட்டி அதை மறுபடியும் படித்துக் காட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி எப்படிப்பா வர்றது?"

திரும்பி வர வழியில்லை என்றால் அவர் காலை நடையிலும் ஏற மாட்டார். அப்புறம் அதற்கும் "பயணிகள் குறைவு" என்றே எழுதுவார்கள்.

பிரிட்டனில் இது நடந்தது. 1963-இல் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் தந்த அறிக்கை 2,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. கிளைப் பாதை போனாலும் மக்கள் காரில் வந்து பிரதான ரயிலைப் பிடிப்பார்கள் என்று நம்பினார்கள். காரில் ஏறியவர்களில் பலர் போக வேண்டிய இடம்வரை காரிலேயே போய்விட்டார்கள். ரயிலுக்குப் பதிலாக விட்ட பேருந்துகளும் பல ஊர்களில் சீக்கிரமே நின்றுபோயின. கார் இல்லாதவர்களைப் பற்றி யார் யோசித்தார்கள்?

இப்படித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிரான்சில் 2020 முதல் ஓய்வூதியம், வரி, வேலைவாய்ப்பு என்று பல துறைகளின் உதவியை ஒரே இடத்தில் தருகிறார்கள். அந்த இடத்துக்கும் வர முடியாதவர்களுக்காக, சில பகுதிகளில் வாகனத்திலேயே கிராமம் கிராமமாகப் போகிறார்கள்.