பகலில் எடுத்த இரவு: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3

மாஸ்டர் எடுத்த பழைய பேய்ப் படத்தின் ஐந்தாவது ரீல் பெட்டியின் மூடி துருவேறி இறுகியிருந்ததால், கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. திறந்த கணத்திலேயே வினாகிரி வாடை அறை முழுவதும் பரவிற்று. மற்ற ஏழு பெட்டிகளையும் உடனே உள் அறைக்கு மாற்றினேன். அசிட்டேட் பிலிம் சுருள் சிதையும்போது வெளிவரும் அமிலம் பக்கத்துச் சுருளையும் தொற்றும். தன்னிடமிருந்து கிளம்பிய அமிலத்தாலேயே தானும் இன்னும் வேகமாக அழியும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அச்சாறு போடுகிறாயா என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டார்.

ஜூன் 4

மழை. ஈரப்பதமானி 91 காட்டுகிறது.

ஜூன் 7

அடிக்கோலுடன் ஒரு பகல் முழுவதும் போயிற்று. 16 மில்லிமீற்றர் பிரதியில் நூறு துளை இடைவெளிகளின் நீளம் 762 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஐந்தாவது ரீலில் 752 இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சுருங்கிய சுருளைப் புரொஜெக்டரில் ஏற்றினால் பற்கள் துளைகளைக் கிழித்துவிடும். ஆகவே ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டு, பழைய ஒட்டுகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டேன். மொத்தம் 43 ஒட்டுகள். பல தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களங்களில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டியபோது அறுந்த இடங்கள். நெகட்டிவ் 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்துபோனது. இந்த 2,952 அடிதான் மிச்சம்.

ஜூன் 12

எட்டு ரீல்களும் ஸ்கேன் செய்யச் சென்னைக்குப் புறப்பட்டன. ஐந்தாவதைத் தனிப்பெட்டியில், மூடியை இறுக்காமல் வைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 19

அம்மாவுக்காகக் கேட்டிருந்த கண்டி வைத்தியசாலையிலிருந்தும் பதில் இல்லை, சென்னையிலிருந்தும் பதில் இல்லை.

ஜூன் 30

ஹார்ட் டிஸ்க் வந்தது. 82 நிமிடம், 1,18,080 பிரேம், ஒன்றரை டெராபைட். முதல் பிரேமிலிருந்து கடைசிப் பிரேம்வரை எல்லாம் சிவப்பு. தேயிலைச் செடி ரோஜா நிறம், பேய் ரோஜா நிறம், கணக்குப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையும் ரோஜா நிறம்.

ஜூலை 2

அந்தக் காலத்து வண்ணப் பிரதிகளில் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயமே முதலில் வெளிறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் இந்தப் படத்தில் அந்த இழப்பு வேறு விதமாக வலிக்கிறது, ஏனெனில் இதன் இரவுகள் யாவும் அந்தச் சாயத்தை நம்பியே நின்றவை. மலையில் இரவில் விளக்குப் போட ஜெனரேட்டருக்கு வழியில்லாததால், மாஸ்டர் எல்லா இரவுகளையும் பகலிலேயே எடுத்தார். அறைவிளக்கு வெளிச்சத்துக்கென்று செய்த பிலிமைச் செம்மஞ்சள் வடிகட்டி இல்லாமல் வெயிலில் ஓட்டினால் உலகம் முழுவதும் நீலமாகும். லென்ஸின் துவாரத்தைக் குறைத்து, வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, சூரியனை நடிகரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால், அது நிலவாகிவிடும். ஒரு சதம் செலவில்லாத இரவு. இப்போது அந்த நீலம் போய்விட்டது. பேய் பட்டப்பகலில், கொழுந்துக் கூடை இல்லாத ஒரு பெண்ணைப் போல நடந்துபோகிறது.

சாயத்தின் மிச்சத்தைக் கணினியில் உயர்த்தினால் நீலம் ஓரளவு திரும்புகிறது. ஆனால் எவ்வளவு நீலம், எவ்வளவு இருட்டு? ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி இல்லை. மாஸ்டரின் நினைவு மட்டும் இருக்கிறது.

ஜூலை 5

மாஸ்டரை முச்சக்கர வண்டியில் டிக்கோயாவிலிருந்து அழைத்துவந்தேன். திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "இன்னும் நீலம் வை, மகள்" என்றார். வைத்தேன். "இன்னும்" என்றார். நான்கு முறை. கடைசியில் எனக்கு அது இரவாகத் தெரியவில்லை, மைக்கூடாகத் தெரிந்தது. எடுத்தவர் சொல்லும்போது நான் யார் மறுக்க?

ஜூலை 8

நாலாவது ரீலில் பேய் பள்ளத்தாக்கைக் கடக்கும் காட்சியில் கம்பி தெரிகிறது. மேலிருந்து தோள்வரை, சன்னமாக, நேராக. மலையுச்சியிலிருந்து கொழுந்து மூட்டையைத் தொழிற்சாலைக்கு இறக்கும் கம்பியிலிருந்து இன்னொரு மெல்லிய கம்பியைத் தொங்கவிட்டு ஆளைக் கட்டியிருக்கிறார்கள். அழித்துவிடுவது எளிது. அழிக்கலாமா என்பதுதான் எளிதல்ல.

ஜூலை 9

கம்பி.

ஜூலை 13

வெளியீட்டாளரின் கடிதம்: "புள்ளிகள்" அதிகமாம், புளூரேயில் வாங்குகிறவர்கள் முறைப்பாடு செய்வார்களாம். அந்தப் புள்ளிகள்தான் ஐயா படம். 16 மில்லிமீற்றரில் மூடுபனியும் பிலிமின் மணியும், அதாவது அந்த நுண்புள்ளிகளும், ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். மணியைத் துடைத்தால் பனி மெழுகாகிவிடும். அதோடு, சாம்பல் நிறம் படிப்படியாக மாறும் இடங்களில் மணி இல்லாவிட்டால், நிறத்துக்கு எட்டு பிட் மட்டுமே தரும் அந்த வட்டில் பனி, மாடிப்படி போலப் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். இவற்றையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். பிறகு ஒரு பக்கமாகச் சுருக்கினேன். கம்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 17

நான் முடிவெடுக்கும் முன்னரே மென்பொருள் முடிவெடுத்துவிட்டது. கீறல் நீக்கும் வடிகட்டியை இரவில் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால், புரொஜெக்டர் போட்ட நெட்டுக்கோடுகளோடு பதினொரு பிரேம்களில் கம்பியையும் கோடு என்றெண்ணித் தின்றிருக்கிறது. பேய் கம்பியில் தொங்குகிறது, அரை நொடிக்குக் கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்கிறது, மறுபடியும் தொங்குகிறது. இரண்டாவது ரீலில் மழையையும் பாதி தின்றுவிட்டது. நம் மலையில் மழை நின்றுபோன ஒரே இடம் அதுதான்.

ஜூலை 20

பேயாக நடித்த தாத்தாவைப் பார்க்கக் கொட்டகலைப் பக்கம் போனேன். மாசி மாதக் காமன் கூத்தில் முப்பது ஆண்டுகள் ரதி வேடம் கட்டியவர். சேலை கட்டி நடக்கத் தெரிந்தவர் என்பதால் மாஸ்டர் அவரைப் பேயாக்கினார். மடிக்கணினியில் அந்தக் காட்சியைக் காட்டி, கம்பி தெரிகிறதே, அழித்துவிடவா என்று கேட்டேன். அந்தக் காலத்து மங்கலான லென்ஸில் கம்பி தெரிந்திருக்காது என்பதே என் எண்ணம். அவர் சிரித்தார். எல்லாருக்கும் தெரிந்ததாம். கொழுந்துக் கம்பியை அறியாத பிள்ளை தோட்டத்தில் உண்டா என்றார். திரையைப் பார்த்து "நம்ம கம்பி, நம்ம கம்பி" என்று கத்திய அதே பிள்ளைகள்தாம் அடுத்த நொடி தாயின் முந்தானைக்குள் ஒளிந்தார்களாம். "ரதிக்கு மீசை மழித்த பச்சைத் தாடை இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், புள்ள. காமன் எரிஞ்சதும் அழாத பொம்பளை யாரு?"

திரும்பி வரும்போது பேருந்தில் இடமில்லை. அட்டன் வரை நின்றே வந்தேன். களைப்புத் தெரியவில்லை.

ஜூலை 24

இன்று ஒலி. 16 மில்லிமீற்றர் பிரதியில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 பிரேம் முன்னால் பதிந்திருக்கும். ஆகவே ஒட்டிய இடத்தில் படம் துள்ளுவதற்கும் பேச்சு அறுவதற்கும் இடையே ஒரு நொடிக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கிறது. 43 ஒட்டு, 86 காயம். இதற்கிடையில், ஐரோப்பாவில் உள்ள நம்மவர்களுக்காகப் பழைய டிவிடி வடிவமும் வேண்டும் என்கிறார்கள். அதில் நொடிக்கு 25 பிரேம் என்பதால் படம் 78 நிமிடம் 43 நொடியில் முடிந்துவிடும். குரலும் சற்று உயரும். பேயின் ஒப்பாரி சிறுமியின் சிணுங்கலாகிவிடக் கூடாது என்பதற்காகச் சுருதியை இறக்கி வைத்தேன்.

ஜூலை 28

மாஸ்டருக்கு இடது கண்ணில் சத்திரசிகிச்சை. கண்புரை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 29

கண்புரை விழுந்த கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கும். நாலு முறை "இன்னும்" என்றது மாஸ்டர் அல்ல, அவருடைய கண்புரை.

ஆகஸ்ட் 2

கறுப்புக் கண்ணாடியுடன் வந்தார். கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்ததும், "இது என்ன, நீலச்சாயத் தொட்டியா? யார் இப்படிச் செய்தது?" என்று என்னையே கோபித்தார். பிறகு தானே இடது கண்ணைப் பொத்தினார். வலது கண்ணால் பார்த்து, இது சரி என்றார். வலதைப் பொத்தினார், சீ என்றார். பல முறை மாற்றி மாற்றிப் பொத்தியபின், படம் எடுத்தபோது தமக்கு முப்பத்திரண்டு வயது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார். மூன்றாவது "இன்னும்" முதல் எல்லாவற்றையும் நீக்கினேன். அதற்கும் கீழே போகப் பயமாக இருக்கிறது, ஆனால் போக வேண்டும்.

ஆகஸ்ட் 3

இரண்டாவதையும் நீக்கினேன். செடிகளுக்கு இடையே பாதை தெரிகிறது. நிலவு மாதிரியும் இருக்கிறது, பகல் மாதிரியும் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

வெளியீட்டாளர் மணியை ஒப்புக்கொண்டார். கம்பியை அழித்துத் தரும்படி கேட்கிறார். மாட்டேன் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6

வடிகட்டியை நிறுத்தினால் கம்பியோடு கீறல்களும் திரும்பி வருகின்றன. அதனால் பதினொரு பிரேம்களையும் மூல ஸ்கேனிலிருந்து எடுத்து, கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோடுகளை மட்டும் கையால் அழிக்கிறேன். சில இடங்களில் இரண்டும் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. எது கம்பி, எது கீறல் என்று முன்பின் பிரேம்களை ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. கம்பி ஆளோடு சேர்ந்து நகரும், கீறல் நகராது. ஆறு முடிந்தது.

ஆகஸ்ட் 7

ஏழாவது பிரேமில் மின்சாரம் போயிற்று. கண்டியிலிருந்து அழைப்பு, அம்மாவை நாளைக் காலையே கொண்டுவரச் சொல்கிறார்கள்.