லைப்சிக்ல ஷிஃப்டுக்கு நடுவுல ஜெபம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வர்ற நம்ம ஊர் புள்ளைங்க எங்கிட்ட கேக்குறதெல்லாம் பி2ங்கிற ஜெர்மன் பாஷை பரீட்சை கஷ்டமா, எந்த ஜாக்கெட் வாங்கணும், அரிசி எங்க கிடைக்கும், இதான். ஜெபத்தை பத்தி யாரும் கேக்குறதில்ல. ஆனா முதல் குளிர்காலத்துல சத்தமில்லாம நின்னு போறது அதுதான், அதனால அதையே எழுதுறேன்.

எங்க ஊரு பொறையார் பக்கம், டிஇஎல்சி (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) குடும்பம். சாயங்காலம் ஏழரைக்கு டிவிய நிறுத்திட்டு பாய விரிச்சா அப்பாயி கீர்த்தனை எடுப்பாங்க, அப்பா வேதம் வாசிப்பாங்க, சின்னதுங்க தூங்கி விழும். அப்ப நான் ஜெபம் பண்ணேன்னு சொல்றத விட வீடு பண்ணுச்சு, நான் கூட உக்காந்திருந்தேன்னு சொல்லலாம். இங்க ஜெர்மனில லைப்சிக் நகரத்துக்கு வந்தும் வாட்ஸாப் கால்ல சேந்துக்கலாம்னு பாத்தா அங்க ஏழரைன்னா குளிர்காலத்துல இங்க மத்தியானம் மூணு, ஒண்ணு டூட்டில நிப்பேன், இல்ல காலை ஷிஃப்ட் முடிச்சுட்டு அடிச்சு போட்டாப்ல தூங்குவேன். டிசம்பர்ல எட்டு மணிக்குத்தான் விடியுது, நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது, எது காலை ஜெபம் எது ராத்திரி ஜெபம்னே தெரியாது.

முகவரி பதிய போனப்ப ஃபார்ம்ல மதம் என்னன்னு கேட்டாங்க, எவாங்கெலிஷ்னு (நம்ம புராட்டஸ்டண்ட் தான்) போட்டேன். சம்பள சீட்டுல பாத்தா சர்ச் வரின்னு ஒரு பிடித்தம், இந்த மாநிலத்துல வருமான வரில 9 சதவீதம் (ஊர்ல சந்தா புக்கோட வீட்டுக்கு வருவாங்க, இங்க அந்த அலைச்சலே இல்ல). சரி, காசு குடுக்குற கோயிலுக்கு போவோம்னு போனா அவ்ளோ பெரிய கட்டடத்துல நரைச்ச தலைங்க கொஞ்சம் பேர். பழைய கிழக்கு ஜெர்மனி, நாப்பது வருஷம் கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த இடம், கூட வேலை பாக்குறவங்கள்ல முக்காவாசி பேருக்கு சர்ச் பழக்கமே கிடையாது. ஊர்ல நம்மள இழுத்துட்டு போக ஆயிரம் பேர், இங்க நாம போகலன்னா ஏன்னு கேக்க ஆள் இல்ல.

என்னை மறுபடி இழுத்து விட்டது நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல இருந்த ஒரு பாட்டி. தலைமாட்டுல நீல அட்டை போட்ட குட்டி புக்கு, பேரு லோசுங்கன். இதே சாக்சன் மாநிலத்துல ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊரு, அங்க இருக்குற மொரேவியன்ங்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரங்க 1731லேருந்து வருஷா வருஷம் அச்சடிக்கிறாங்க. ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டு வசனம் ஒண்ணு சீட்டு போட்டு எடுத்தது, அதுக்கு பொருத்தமா புதிய ஏற்பாட்டுலேருந்து ஒண்ணு, கீழ ஒரு பாட்டு வரியோ ஜெபமோ. பாட்டிக்கு கண்ணு தெரியாது, காலைல பிரஷர் பாத்துட்டு நான் தான் படிக்கணும். ஊவும் ஈயும் கலந்தாப்ல ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுல நான் வழுக்குனா விரல தூக்கி நிறுத்தி, உதட்ட குவிச்சு காட்டி, திரும்ப படின்னுவாங்க. ஒரே வசனத்தை மூணு நாலு தடவை படிச்சா அது நாள் பூரா கூடவே வரும், வேற வழியில்ல. பி2 பாஸ் ஆனதுல பாதி புண்ணியம் அவங்களுக்கு.

அப்புறம் நானும் ஒண்ணு வாங்கிட்டேன், விடிகாலை டிராமுக்கு நிக்கிறப்ப ஜெர்மன்ல படிச்சுட்டு அதே வசனத்தை போன்ல தமிழ்ல பாப்பேன், டிராம்ல உக்காந்து கண்ண மூடி ஒவ்வொரு பேரா சொல்லி ஜெபிப்பேன். எனக்கே தொடர்ந்து வீக்எண்ட் டூட்டி போட்டு தள்ளுன மேடம் பேரையும் பல்ல கடிச்சுக்கிட்டு சேத்தேன். டிராம்ல பேர் சொல்லி ஜெபிச்சுட்டு ஆறு மணிக்கு அந்தம்மா முன்னாடி மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு நிக்க முடியலங்க, குட் மார்னிங் சொல்லித்தான் ஆகணும். டூட்டி லிஸ்ட் உடனே மாறல, நான் சண்டை போடாம கேக்க ஆரம்பிச்சேன்.

மியூனிக்ல கூடுதல் சம்பளத்துக்கு ஒரு வேலை வந்தப்பவும் தினமும் அதே டிராம்ல அதை வச்சு கேட்டேன். குரல் எல்லாம் ஒண்ணும் கேக்கல. ஆனா தினமும் என் வாய்லேருந்து சம்பளத்தைத் தவிர வேற காரணமே வரல, அங்க வாடகை என்னன்னு பாத்தா அந்த காரணமும் போச்சு. போகல.

லீவ் நாள் திங்கள்ல வந்தா சாயங்காலம் 5 மணிக்கு நிக்கோலாய் கோயிலுக்கு போவேன். 1982லேருந்து அங்க வாரா வாரம் சமாதான ஜெபம் நடக்குது. 1989 அக்டோபர் 9ஆம் தேதி ஜெபம் முடிஞ்சு வெளிய வந்தவங்களோட சேந்து கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து ஊர்வலம் போனது ஏறக்குறைய 70,000 பேரு, போலீஸ் சுடல, ஒரு மாசத்துல பெர்லின் சுவர் திறந்துச்சு. எல்லாரும் அந்த ஒரு ராத்திரியத்தான் பேசுவாங்க, எனக்கு அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் நாலஞ்சு பேர் வந்த திங்கள்லயும் விடாம நடத்துனாங்க பாருங்க, அதுதான் பெருசா தெரியுது.

நைட் டூட்டி வாரத்துக்கு மட்டும் இந்த டிராம் கணக்கு ஒத்து வராது, அப்ப விடியக்காலை மூணு மணி ரவுண்ட்ஸ் முடிஞ்சு டீ போடுறப்ப 121ஆம் சங்கீதத்தோட நிறுத்திக்குறேன். லைப்சிக் பக்கம் புதுசா வர்றவங்க அந்த திங்கள் ஜெபத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க, பாஷை புரியலன்னாலும் பரவாயில்ல, டிக்கெட் எல்லாம் கிடையாது, கோயிலுக்குள்ள குளிரும், ஜாக்கெட்ட கழட்டாதீங்க.