வாசலுக்கு இந்தப் பக்கம்

கலிஃபோர்னியாவின் மாநிலச் சிறைகளில் கணவரையோ மகனையோ பார்க்க வருபவர்கள் நீல ஜீன்ஸ் போட்டு வரக் கூடாது. உள்ளே கைதிகளின் உடை நீலம். காக்கி மேல்சட்டையும் பச்சைப் பேன்ட்டும் சேர்த்துப் போடக் கூடாது, அது காவலர்களின் சீருடை. உள்ளாடையில் கம்பி இருந்தால் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நள்ளிரவில் காரை எடுத்து, மலையேறி இறங்கி, மாநிலத்தின் நடுவே நீளும் விவசாயச் சமவெளியான சென்ட்ரல் வேலியின் வயல்களுக்கு நடுவே நிற்கும் சிறைக்கு விடிவதற்குள் வந்து சேரும் ஒரு பெண், இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தவறவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

அதற்காகவே சிறைக்கு வெளியே பார்வையாளர் மையம் என்று ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்றை நடத்த வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. மாற்று உடை தருவது, குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது, சொந்த வண்டி இல்லாதவர்களுக்குப் பயண உதவி செய்வது எல்லாம் அதன் வேலை. என் களப்பணி அங்கேதான். நான் மானுடவியல் ஆய்வாளர். சனி, ஞாயிறுகளில் அந்த மையத்தில் தன்னார்வலராகவும் இருக்கிறேன். பாவாடைகளையும் சட்டைகளையும் அளவு வாரியாக மாட்டி வைப்பதில் என் காலை தொடங்கும்.

சிறையை ஆராய்பவர் சிறைக்குள்தானே இருக்க வேண்டும் என்று சக ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். உள்ளே போவதற்கு வழி உண்டு. நீண்ட வழி, அப்படி நீண்டிருப்பதற்குக் காரணமும் உண்டு. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் மருந்துகளையும் ரசாயனங்களையும் தடவிச் சோதித்தார்கள். கையில் காசில்லாத கைதிகள் சில டாலர்களுக்காகச் சம்மதித்தார்கள். இதுபோன்றவை வெளியே வந்த பிறகு, கைதிகளிடம் செய்யும் ஆய்வுகளுக்கென்று 1978-இல் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் ஒரு கைதியோ, கைதிகளின் நிலையை அறிந்து அவர்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரோ இருக்க வேண்டும். இதில் கலந்துகொண்டால் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலை, சுலபமாகக் கிடைக்கும் என்ற நினைப்பு யாருக்கும் வந்துவிடக் கூடாது, முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விதிகளால் வேலை இழுக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அநேகமாக எதிலும் இல்லாத ஒருவரிடம் போய்ச் சம்மதம் கேட்கும்போது, கேட்பவருக்குக் கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் நான் வெளியே இருப்பதற்கு அனுமதிச் சிக்கல் மட்டும் காரணமில்லை. சிறை என்பது மதிலோடு முடிந்துவிடும் ஒரு கட்டடம் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது. தீர்ப்பில் ஒருவர் பெயர்தான் இருக்கும். தண்டனையைக் கழிக்கும் வேலையில் அவருடைய அம்மா, மனைவி, குழந்தை எல்லோருக்கும் பங்கு வந்துவிடுகிறது. அந்தப் பங்கு எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமையைச் சொல்கிறேன். சென்ட்ரல் வேலியில் மழைக்குப் பிறகு டூலே மூடுபனி என்று ஒன்று வரும். ஈர மண்ணிலிருந்து எழுந்து தரையோடு படுத்துக்கொள்ளும், பத்தடி தள்ளி நிற்கும் கார்கூடத் தெரியாது. கோபுரத்தில் இருக்கும் காவலருக்குச் சிறையின் கம்பிவேலி தெரியவில்லையென்றால் சிறைக்குள் நடமாட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கைதியை அவர் இருக்கும் கட்டடத்திலிருந்து பார்வையாளர் அறைக்கு அழைத்து வர முடியாது. பனி விலகும் வரை யாரும் யாரையும் பார்க்க முடியாது.

அன்று மையத்துக்குள் முதலில் வந்தவர் ஒரு பாட்டி, கூடவே ஆறு வயதுப் பேரன். பையனின் வெள்ளைச் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. அது கசங்கிவிடும் என்று அவனை விளையாட்டு மூலையில் தரையில் உட்காரக்கூட விடவில்லை. பாட்டி கையில் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் பை. அடையாள அட்டை, பேரனின் பிறப்புச் சான்றிதழ், அவனை அழைத்து வர அவன் அம்மா நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம், ஒற்றை டாலர் நோட்டுகள். பெற்றோர் அல்லாத ஒருவர் குழந்தையோடு வந்தால் அந்தக் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அந்த நோட்டுகள் தானியங்கி இயந்திரத்தில் சாப்பாடு வாங்க. பார்வையாளர் அறையில் கைதி பணத்தைத் தொடக் கூடாது, வந்தவர்தான் வாங்கி, சூடாக்கி, மேசைக்குக் கொண்டுவர வேண்டும். மகனுக்கு என்ன வாங்குவது என்று பாட்டி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். முதலில் சிக்கன், அப்புறம் பர்கர், மிச்சமிருந்தால் ஐஸ்கிரீம். சிக்கன் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், அதனால் வரிசையில் முன்னால் நிற்பது அவருக்கு முக்கியம். அதற்காகவே இரவு பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்.

எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பையன் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பாட்டி பையைத் திறந்து நோட்டுகளை ஒருமுறை எண்ணி மூடினார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எண்ணினார். என்னை ‘மிஹா’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிஷ் பேசும் பாட்டிகள் மகள் வயதில் இருக்கும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “மிஹா, தாமதமாகத் திறந்தால் தாமதமாக மூடுவார்களா?” என்று கேட்டார். இல்லை, பார்வை நேரம் முடியும் மணியில் மாற்றமில்லை என்றேன். சரி என்று தலையாட்டினார். பனி விலகி வரிசை நகர ஆரம்பித்தபோது பத்தரை மணியைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு சோதனை, பெயர் பதிவு, உள்ளே இன்னொரு காத்திருப்பு. பிற்பகலில் நேரம் முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும்.

சிறையின் பதிவேட்டில் அந்த நாள் ‘பார்வை நடந்தது’ என்று ஒரு வரியாக இருக்கும். அது பொய்யில்லை. பார்க்க ஆள் வரும் கைதிகள் விடுதலையான பிறகு மறுபடியும் குற்றத்தில் சிக்குவது குறைவு என்று மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2011-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பார்வை நேரத்தைக் கூட்டச் சொல்லி வாதாடும்போது அந்த ஆய்வு கைகொடுக்கும், நானே மேற்கோள் காட்டுவேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நள்ளிரவுப் பயணம், நோட்டரிக் கட்டணம், தூக்கமில்லாத ஒரு குழந்தை, மறுபடியும் அத்தனை தூரம் திரும்பும் பாதை இருக்கிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது. மானுடவியல் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிறைகள் ஏன் இவ்வளவு தொலைவில் இருக்கின்றன? கலிஃபோர்னியாவின் முதல் பெரிய சிறையான சான் குவென்டின் 1852-இல் தொடங்கியது. அதிலிருந்து 1984 வரைக்கும், நூற்று முப்பது ஆண்டுகளில், மாநிலம் கட்டியது 12 சிறைகள். அடுத்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேல். அவற்றில் பலவற்றைச் சென்ட்ரல் வேலியிலும் பாலைவனத்திலும் கட்டினார்கள். பருத்தி விளைந்த நிலம் சும்மா கிடந்தது, சிற்றூர்களில் வேலை இல்லை. சிறை வந்தால் ஊர் பிழைக்கும் என்று சொல்லப்பட்டது, ஊர்களும் நம்பின. 1988-இல் சிறை வந்த கார்கரன் அப்படியொரு பருத்தி ஊர். கைதிகளில் பெரும் பங்கினர் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களிலிருந்து வருபவர்கள்.

நிரப்புவதற்குச் சட்டங்கள் இருந்தன. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் மாநில, மத்தியச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 2008 வாக்கில் உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்து 23 லட்சம். 1986-இல் வந்த மத்திய போதைப்பொருள் சட்டப்படி 5 கிராம் ‘கிராக்’ (புகைக்கும் கட்டிக் கொகெய்ன்) விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ குறைந்தது ஐந்தாண்டு. தூள் கொகெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். முதலாவதில் மாட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். 2010-இல்தான் அந்த நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள். கலிஃபோர்னியா 1994-இல் ‘மூன்றாவது முறை’ சட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே இரண்டு கடுங்குற்றத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் சிறிய திருட்டில் மாட்டினாலும் அப்போது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை (2012-இல் இதைத் தளர்த்தினார்கள்). மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்குக் கிடைத்த அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2003-இல் செல்லும் என்றது. குற்றங்கள் பெருகியதால் சிறைகள் நிரம்பின என்று இன்றும் சொல்கிறார்கள். 1990-களில் குற்ற விகிதம் இறங்கிக்கொண்டிருந்தபோதும் கைதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2006-இல் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்கென்று கட்டிய கலிஃபோர்னியச் சிறைகளில் 1 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

காவலர்களோடும் பேசுகிறேன். வயல் வேலையும் பால் பண்ணையும் தவிர வேறு வழியில்லாத ஊர்களில் சிறை வேலைதான் வீடு வாங்க வைக்கும் சம்பளம். ஆள் பற்றாக்குறை என்றால் ஷிஃப்ட் முடிந்த பிறகும் அடுத்த ஷிஃப்டுக்கு நிறுத்திவைப்பார்கள். ஒருவர் சொன்னார், மகளின் பள்ளி நிகழ்ச்சிகளில் பாதியை அவர் செல்போன் வீடியோவில்தான் பார்த்திருக்கிறாராம். அவரைக் கெட்டவராகவும் பார்வையாளர்களை நல்லவர்களாகவும் வைத்து எழுதுவது சுலபம். என்னால் அப்படி எழுத முடியவில்லை.

என் வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பவர் என்ன குற்றம் செய்தார் என்று நான் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். செல்போனும் குறிப்பேடும் காரில்தான் இருக்கும், சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து எழுதுவேன். எழுதியதை எந்த வழக்கிலும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாதபடி அரசு தரும் ரகசியக் காப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு, அதை வாங்கி வைத்திருக்கிறேன். பரோல் விசாரணைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொன்ன பிறகுதான் பேச்சு வரும். பரோல் குழு முன் தன் வார்த்தை எப்படித் திரும்பும் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் இருக்கிறது, நியாயமான பயம்.

சில மாற்றங்கள் கண் முன்னால் நடந்திருக்கின்றன. 2023 முதல் கலிஃபோர்னியச் சிறைகளிலிருந்து குடும்பத்துக்குப் பேசும் தொலைபேசி இலவசம். அதற்கு முன்பு வாடகையா, ஃபோன் பில்லா என்று பார்த்துத்தான் பல வீடுகளில் பேசினார்கள். இப்போது பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அப்பாவிடம் ஃபோனில் ஒப்பிக்கிறார்கள். இதைவிட மலிவான சீர்திருத்தம் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு கைதியை ஓராண்டு வைத்திருக்க மாநிலம் செலவழிப்பது ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

கைதிகளின் எண்ணிக்கை உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சிறைகளையே மூடுகிறார்கள். நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் மூடும்போதும் கணக்கில் வராதவர்கள் அதே ஆட்கள்தான். வடக்குக் கோடியில் இருக்கும் சூசன்வில் ஊரில் ஒரு சிறையை மூடப்போவதாக அரசு அறிவித்ததும், வேலைகள் போய்விடும் என்று நகராட்சியே வழக்குப் போட்டது. 2023-இல் சிறை மூடப்பட்டது. கைதிகள் மாநிலத்தின் வேறு வேறு மூலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். வழக்கில் காவலர்களின் வேலை பேசப்பட்டது, ஊரின் வரி வருமானம் பேசப்பட்டது. கணவருக்கு அருகில் இருக்க வேண்டும் என்று தெற்கிலிருந்து அங்கே குடிபெயர்ந்து, மோட்டலில் அறை சுத்தம் செய்து பிழைத்த பெண்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஒருவரை இப்போது எங்கள் மையத்தில் பார்க்கிறேன். கணவரை இந்தப் பக்கம் மாற்றியதும் அவரும் இரண்டு பிள்ளைகளோடு சென்ட்ரல் வேலியின் ஒரு சிற்றூருக்கு வந்துவிட்டார். பெரியவனுக்கு இது மூன்றாவது பள்ளி. குழந்தை இருக்கும் கைதியைக் கூடியவரை குழந்தையின் வீட்டுக்கு அருகில் உள்ள சிறையில் வைக்க வேண்டும் என்று 2023-இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அது யாருக்கு, எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் என் அடுத்த ஆய்வு. அவரிடம் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வீடு என்று எந்த முகவரியை எழுதுவது என்று கேட்டார், விட்டுவந்த லாஸ் ஏஞ்சலஸ் முகவரியையா, இப்போது இருக்கும் வாடகை வீட்டையா. இங்கே எழுதினால் இங்கேயே வைத்துவிடுவார்கள், அங்கே எழுதினால் அங்கே போவார் என்று நிச்சயமில்லை. படிவத்தை மடித்துத் தன் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, கணவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வரிசைக்குப் போனார்.