சிம்ஸ் 4: முடியில் வந்த தங்கத் திட்டு எங்கிருந்து வந்தது?

சிம்ஸ் 4, மனிதர்களை உருவாக்கி வாழவைக்கும் கம்ப்யூட்டர் கேம். அப்டேட் வந்த மறுநாள் அதைத் திறப்பதென்றால் மாட் (விளையாடுபவர்களே செய்து பகிரும் கூடுதல் உடை, முடி, பொருள் ஃபைல்கள்) போட்டு விளையாடும் எல்லாருக்கும் கொஞ்சம் உதறல்தான். இந்தத் தடவை எனக்கு இரண்டு கோளாறுகள் சேர்ந்தே வந்தன. ஒரு சிம்மின் (கேமில் வரும் மனிதரின்) உடம்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கேள்விக்குறிகள். இன்னொருத்திக்குக் காதோர முடியில் தங்கநிறத்தில் ஒரு திட்டு, அதுவும் விருந்து உடையில் மட்டும். வீட்டு உடைக்கு மாற்றினால் முடி ஒழுங்காக இருக்கிறது.

கேள்விக்குறி சுலபமாக முடிந்தது. உடையின் நிறத்தை மாற்றும் ரீகலர் ஃபைல் இருந்து, அதற்கு வேண்டிய மெஷ் ஃபைல் (உடையின் வடிவம்) இல்லாவிட்டால் இப்படிக் காட்டும். மெஷ்ஷை இறக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

திட்டுதான் பாடாய்ப் படுத்தியது. முதலில் மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினேன், பக்கத்தில் இருக்கும் லோக்கல்தம்ப்கேஷ் என்ற தற்காலிக ஃபைலை அழித்தேன் (பயப்பட வேண்டாம், கேம் அதைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்), பிறகு திறந்தால் திட்டு இல்லை. ஆக, மாட்தான். இந்தச் சோதனை நடக்கும்போது சேவ் மட்டும் பண்ணிவிடாதீர்கள், மாட் இல்லாமல் சேவ் ஆன குடும்பத்துக்கு முடியும் உடையும் பறிபோய்விடும். சேவ்ஸ் ஃபோல்டரை முன்கூட்டியே காப்பி எடுத்து வைப்பது உத்தமம்.

அடுத்து வழக்கமான பாதிப் பாதி முறை. பாதி மாட்களைத் திரும்பப் போட்டேன், திட்டு இல்லை. அதை எடுத்துவிட்டு மறுபாதியைப் போட்டேன், அப்போதும் இல்லை! இரண்டையும் சேர்த்தால் மட்டும் பல்லை இளிக்கிறது. ஒற்றை ஃபைல் குற்றவாளியாக இருந்தால்தான் இந்த முறை செல்லும், இரண்டு பேர் கூட்டு என்றால் இப்படிக் கைவிரித்துவிடும்.

எல்லா மாட்களையும் திரும்பப் போட்டு, அந்தப் பெண்ணை சிம் உருவாக்கும் திரைக்குக் கொண்டுபோய், விருந்து உடையில் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். செருப்பு, மோதிரம், கவுன்... அசையவில்லை. காதணியைக் கழற்றியதும் திட்டு காணோம். காதணியை மறுபடி மாட்டி, முடியை மட்டும் மாற்றினேன், அப்போதும் காணோம். சிம் போட்டிருக்கும் முடி, உடை, நகை எல்லாவற்றின் டெக்ஸ்சரையும் (மேலே போர்த்தும் நிறப் படம்) கேம் ஒரே பெரிய படமாக ஒட்டித்தான் வைத்துக்கொள்ளும், அதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. சிம்ஸ் 4 ஸ்டுடியோ என்ற மாட் உருவாக்கும் மென்பொருளில் இரண்டு ஃபைல்களையும் திறந்து டெக்ஸ்சரைப் பார்த்தபோது, முடியின் இழைகள் இருந்த அதே மூலையில் காதணியின் தங்க நிறமும் உட்கார்ந்திருந்தது. அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதே வாரத்தில் இறக்கிய காதணி அது.

உடம்பில் மட்டும் தெரியும் கோளாறு என்றால் என்னைக் கேட்டால் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை, ஃபோல்டரைப் பிரிப்பதெல்லாம் சுவர், தரை, மேஜை நாற்காலி கெட்டால் பார்த்துக்கொள்ளலாம். பல ஃபைல்களை ஒன்றாக இணைத்து வைத்திருப்பவர்கள் பாவம், பிரிப்பதற்கே ஒரு பாடு. அந்த முடியை என் கேம் ஊரில் பாதி சிம்கள் வைத்திருப்பதால் காதணியைத்தான் தூக்கினேன், இப்போது அவள் காதில் கேமோடு வந்த சாதாரணத் தோடு.

அப்டேட்டுக்குப் பிறகு மாட் எதுவுமே தெரியவில்லை என்பது வேறு கதை: அப்டேட் ஆனதும் கேமே மாட்களை அணைத்துவிடும். செட்டிங்கில் கஸ்டம் கண்டென்ட் (உடை, முடி, பொருள் போன்றவை), ஸ்கிரிப்ட் மாட் (கேம் இயங்கும் விதத்தை மாற்றுபவை) இரண்டையும் டிக் செய்து, கேமை மூடித் திறந்தால் வந்துவிடும்.